எந்த ஞாயிறு, சார்?

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கா திரிபுரசுந்தரி சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தினாள். ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகள் பிறரோடு பேசிப் பழக உதவும் வகுப்பு. அவளுக்கே பேச்சை முடிக்கத் தெரியாது. கிளம்பிய விருந்தாளியை வாசல் கேட்டருகே அரைமணி நேரம் நிறுத்தி வைப்பாள். அவள் இல்லாத வீட்டுக்கு இப்போதெல்லாம் வருகிறவர்கள் உடனே போய்விடுகிறார்கள்.

அவள் மாணவன் கிரீஷுக்குப் பதினாறு வயது. அடுத்த தெரு ராஜகோபாலன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அவனைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட வாயேன்டா" என்பார்.

"எந்த ஞாயிறு, சார்?"

"எந்த ஞாயிறா இருந்தா என்ன? உன் வீடு மாதிரி!"

அந்த ஞாயிறே போய் நின்றான். அவர்கள் வீட்டில் அன்று முந்தின நாள் சாதமும் மோர்மிளகாயும்தான். "ஃபோன் பண்ணிட்டு வரக்கூடாதா?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு கிரீஷ் யார் வீட்டுக்கும் போவதில்லை. கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். வகுப்புக்கு வந்தவன்கூட வாசலிலேயே நின்றான்.

"நாளும் நேரமும் சொன்னாதான்டா நிஜமா கூப்பிடறாங்க" என்றாள் அக்கா. "இல்லன்னா அது சும்மா மரியாதை."

"போன வாரம் காபி குடிச்சிட்டுப் போன்னீங்களே மேடம்?"

அக்கா விழித்தாள். "அன்னிக்குப் பால் இல்லடா."

அன்று மாலையே ராஜகோபாலன் வீட்டுக்குப் போனாள். "வர்ற சனிக்கிழமை கிளாஸுக்கு வந்துடுங்க சார்."

"பாடம் எடுக்கணுமா?"

"இல்ல, படிக்கணும்."

வந்தார். பிள்ளைகள் முன்னால் நின்று வியர்த்தார். "ஒரு நாள்..." என்று தொடங்கியதுமே, "ராங்!" என்றாள் நித்யஸ்ரீ என்ற மாணவி.

தொண்டையைச் செருமினார். "கிரீஷ்... அன்னிக்கு நான் பண்ணது தப்பு. நாளைக்கு மத்தியானம் பன்னண்டரை மணிக்கு வா. வத்தக்குழம்பு."

கிரீஷ் யோசித்தான். "வத்தக்குழம்பு பிடிக்காது சார். உருளைக்கிழங்கு ரோஸ்ட்னா வரேன்."

ராஜகோபாலன் அக்காவைப் பார்த்தார். "அவன் பாஸாயிட்டான் சார்" என்றாள். "நீங்க ரோஸ்ட் பண்ணா நீங்களும்."

மறுநாள் நடந்ததை ராஜகோபாலன் வீட்டு மாமியே சொன்னாள். கிரீஷ் "போதும்" என்றதும், வழக்கம்போல இன்னொரு கரண்டி போடப் போயிருக்கிறாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"போதும்னா போதும்தான்டி அவனுக்கு" என்றாராம் ராஜகோபாலன்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க சொன்ன 'போதும்' எல்லாம்?"

அவர் தன் தட்டை நீட்டினாராம்.

கை கழுவிவிட்டு வந்த கிரீஷ் கேட்டிருக்கிறான்: "அடுத்தது எப்ப, சார்?"

ராஜகோபாலன் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்திருக்கிறார்.