பேசினவர்

வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் கணினி வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு என்பதால் படிவங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பிரியமும் உண்டு.

அடையாற்றில் அம்மாவின் அப்பா கட்டிய வீடு அது. கீழே நாங்கள் மூன்று பேர், மாடி வாடகைக்கு. அந்த முறை வந்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த கணவனும் மனைவியும். கணவருக்குத் தொண்டையில் புற்று. வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு. ஆட்டோவில் பத்து நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்பதற்காகவே எங்கள் மாடியைப் பிடித்தார்கள்.

இரவல் வாங்கிய பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துச் சத்தமாக வாசித்தபடி நிரப்பினேன். பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். அந்த அம்மாள் பிறந்த இடத்தை வாசித்ததும், எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்.

அப்பா எழுந்து கை கழுவிவிட்டு வந்து, கூடத்தில் மாட்டியிருந்த தன் ராணுவ உடைப் புகைப்படத்தைக் கழற்றினார். அப்பா இருபது சொச்சம் வயதில் அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் வந்தவர். எங்கள் வீட்டில் அது ஒரு வரிச் செய்தி. அதற்கு அடுத்த வரியை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"சுவத்துல அந்த எடம் மட்டும் பளிச்சுனு தெரியுது பாருங்க. போட்டோ இருந்தப்பகூட யாரும் இவ்ளோ கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. தியாகராய நகர் நகைக்கடை ஒன்றின் லட்சுமி படக் காலண்டரை எடுத்து வந்து அதே ஆணியில் மாட்டினாள். லட்சுமி சற்றுச் சிறியவள். நான்கு பக்கமும் வெளுத்த ஓரம் தெரிந்தது.

வந்த அன்றே அந்த அம்மாள் என்னிடம், "ஆன்ட்டி கீன்ட்டி வேண்டாம் பிள்ளை, அக்கா எண்டு கூப்பிடும்" என்றார். ஐம்பது வயதிருக்கும். அவர் பேச்சுக்காக என் கைபேசியில் ஒரு பட்டியல் தொடங்கினேன். கதைக்கிறது என்றால் பேசுவது. கெதியா என்றால் சீக்கிரம். வடிவு என்றால் அழகு. கதிரை என்றால் நாற்காலி. இரண்டு வாரத்தில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. எல்லாம் புரிகிறது என்று எனக்குள் ஒரு பெருமிதம் வந்திருந்தது.

அப்பாவுக்குத் தொலைக்காட்சி விவாதங்கள் பார்க்கும் பழக்கம். அண்டை நாடுகளைப் பற்றியதென்றால் சத்தம் கூடிவிடும். எந்தத் தீவின் துறைமுகத்தில் யார் கப்பல் நிற்கிறது, நாம் ஏன் சும்மா இருக்கிறோம், ஒரு நாள் போய் நின்றால் தெரியும். நாற்காலியில் சாய்ந்தபடி அப்பா "கரெக்ட்டு" என்பார். மாடிக்கு ஆள் வந்த பிறகு "கரெக்ட்டு" நின்றுவிட்டது. ஆனால் தொலைக்காட்சியின் சத்தம் குறையவில்லை, பழைய காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோர் கொடுக்க மாடிக்குப் போயிருந்தேன். அவருடைய கணவர் உள்ளே படுத்திருந்தார். படிக்கட்டு வழியாகத் தொலைக்காட்சி மேலே ஏறி வந்தது.

"கீழ ஆரோ கொல்லைப்புறம் கொல்லைப்புறம் எண்டு கத்துகினம். என்ன சங்கதி பிள்ளை?" என்றார் அக்கா.

"அந்தக் கடல் நம்ம கொல்லைப்புறம், அங்க யாரையும் விடக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்றாருக்கா. ரிட்டயர்டு அதிகாரி."

"கொல்லைப்புறமோ? எங்களுக்கு அது முத்தம் எல்லோ."

"முத்தமா?"

என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "அடி விசரி! வீட்டுக்கு முன்னால இருக்கிற முத்தம். நீங்கள் முற்றம் எண்டு எழுதுவீங்கள்." நாற்பத்தொன்றாவது சொல்.

சிரிப்பு அடங்கியதும் மோர்ப் பாத்திரத்தைத் துடைத்தபடி சொன்னார்: "முத்தத்திலதான் இந்தியன் ஆமி வந்து நிண்டது. எனக்குப் பன்ரெண்டு வயசு. அவையளுக்க ஒரு தமிழ் ஆமி. எங்கட ஐயாவைப் பேசினவர். இண்டைக்கும் மறக்கேல்லை."

உள்ளே கணவர் இருமினார். அக்கா எழுந்து ஓடினார். 'ஐயாவோடு' என்று வராமல் 'ஐயாவை' என்றது எனக்குச் சற்று இடித்தது. ஐயா என்றால் அவர்கள் பக்கம் அப்பா என்பது தெரியும். மற்றது அவர்கள் வழக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கீழே இறங்கும்போது எனக்கு ஒரே சந்தோஷம். போட்டோவைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டிலேயே ஒளிந்து நடமாடும் அப்பாவுக்குச் சொல்ல நல்ல செய்தி ஒன்று கிடைத்துவிட்டது.

"அப்பா, ஒரு தமிழ் சிப்பாய் அவங்க அப்பாகிட்ட பேசினாராம். இத்தனை வருஷமாச்சு, இன்னும் மறக்கலையாம்!"

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். "அவங்க சொன்ன வார்த்தை என்ன? கதைச்சவரா, பேசினவரா?"

"பேசினவர்."

"அங்க பேசறதுன்னா திட்டறதும்மா."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே அடுத்த வரிகளைச் சொன்னார். அவருடைய பிரிவில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒயர்லெஸ் பார்க்கப் போனவரை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டார்கள். முதலில் ஊரே தேநீர் கொடுத்தது. சில மாதங்களில் கதவுகள் மூடிக்கொண்டன.

"ஆபீசர் ஹிந்தியில ஒரு வரி சொல்வாரு. நான் தமிழ்ல பத்து வரி கத்துவேன். அவரு கத்தச் சொல்லல. எனக்கு பயம். கத்தினா பயம் தெரியாதுல்ல. வீட்டு முன்னாடி ஒரு பெரியவரை... அப்பா வயசு. 'உங்களுக்காகத்தான வந்தோம், நன்றி கெட்டவங்களா'ன்னு கத்தினேன். இவங்க அப்பாவா, வேற வீடா, தெரியல. அந்த ஊர்தான்."

பெரிய நாடு ஒன்று பக்கத்து வீட்டுச் சண்டையைத் தீர்க்கக் கிளம்பும்போது, அது சொல்வதை அந்த வீட்டு மொழியில் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போகிறது. அந்த ஒருவரின் குரல்தான் அங்கே மிஞ்சுகிறது. பிழை அறிக்கையில் நாங்கள் இரண்டு பத்திகள் வைப்போம்: எதிர்பார்த்தது, நடந்தது. அப்பாவிடம் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக முதல் பத்தி மட்டுமே இருந்தது. இரண்டாவதை மாடியிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன், நல்ல செய்தி என்று நினைத்து.

"போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா உங்க மனசு ஆறும். அவங்க பெட்டியக் கட்டிட்டா?" என்றாள் அம்மா.

அதுதான் விஷயம். நான் பட்டியல் போட்டேன். அக்காவின் கணக்கில் மீதமிருந்த கதிர்வீச்சு: பதினெட்டு நாள். அக்காவுக்குத் தெரிந்தவர்கள் இருப்பது வளசரவாக்கம். அங்கிருந்து, எச்சில் விழுங்கவே முடியாத மனிதரை, தினமும் அந்த நெரிசலில் கூட்டி வர வேண்டும். சொல்லாவிட்டால்: அக்கா தினமும் நம் மோரைக் குடித்துக்கொண்டு, நம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, தெரியாமலே இருப்பார். எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் சரியாக வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குடிநீர் கேன் வந்ததா என்று கேட்க அக்கா கீழே வந்தார். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"உங்களோட ஒரு விஷயம் கதைக்கணும்."

அக்கா சிரித்தார். "ஐயோ, இந்தச் சொல்லு உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? மகளோ?"

"இல்லம்மா. உங்க ஊர்ல கத்துக்கிட்டது."

சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா காலண்டரைக் கழற்றினார். அலமாரியிலிருந்து போட்டோவை எடுத்து அந்த வெளுத்த இடத்தில் மாட்டினார். பிறகு எங்களிடம் சொன்னதையே சொன்னார், பத்து வரியையும். தான்தானா என்று தெரியாது என்பதையும் சொன்னார். ஆனால் அதை ஒருமுறைதான் சொன்னார்.

அக்கா போட்டோவின் அருகே போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு முகம் ஞாபகம் இல்லை. குரல்தான் ஞாபகம்" என்றார். "நீங்கள் இப்ப மெதுவாக் கதைக்கிறியள். எனக்குச் சொல்லத் தெரியேல்லை." கொஞ்சம் கழித்து, "ஐயா பிறகு முத்தத்தில கதிரை போட்டு இருக்கிறதையே விட்டிட்டார்" என்றார்.

கேனைப் பற்றிக் கேட்காமலே மேலே போய்விட்டார். மேலே அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வழக்கமான ஆட்டோ வந்தது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பாமல் வாசலில் நின்றேன். கணவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு அக்கா வந்தார். கையில் இருந்தவற்றை எண்ணினேன். ஃபைல், ஃபிளாஸ்க், துண்டு, குடை. நான்குதான். பெட்டி இல்லை.

"இன்னா மேடம், வேற லக்கேஜு எதுனா கீதா? அப்புடி பாத்துக்கினு கீறீங்க?" என்றார் ஆட்டோக்காரர் என்னிடம்.

"ஒண்டுமில்லை தம்பி, இதுதான்" என்றார் அக்கா. கணவரை உட்கார வைத்தார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பா குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஐயா இப்ப இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டினதை நான் வாங்கி வைக்கேலாது. நான் வீடு மாறேல்லை, பதினெட்டில ரெண்டு போச்சு, இண்டையோட மூண்டு." ஏறி உட்கார்ந்தபின் தலையை வெளியே நீட்டினார். "அந்த டிவியை மட்டும் கொஞ்சம் குறையுங்கோ."

அப்பா தலையாட்டினார். ஆட்டோ தெருமுனை திரும்பும் வரை தண்ணீர் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.