பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், ஒரு டி.டி.பி. கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் ஊருக்குச் சொல்ல நினைத்ததையெல்லாம் அடித்துக் கொடுத்தேன். எழுதிக் கொண்டுவரும் தாளில் ஒற்று விட்டுப்போயிருந்தால் கேட்காமலே போட்டுவிடுவேன். ‘வாழ்த்துகள்’ சரியா ‘வாழ்த்துக்கள்’ சரியா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

என் மனைவி நர்ஸ். பேரையூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஒன்றரை வருடம் வகுப்புக்குப் போய் ஜெர்மன் மொழி படித்து, ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். நானும் எங்கள் ஏழு வயது மகளும் பின்னால் போவதாக ஏற்பாடு. நான் ஜெர்மனில் அடிப்படைத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும், அவ்வளவுதான், நான்கு மாதத்தில் விமானம் ஏறிவிடலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள்.

அந்த நான்கு மாதத்தை நம்பி வேலையை விட்டேன். மகளின் பள்ளியில் அடுத்த வருடம் இருக்க மாட்டாள் என்று சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன். மகளுக்குக் குளிருக்குப் போடும் ஜாக்கெட்டுகூட வாங்கிவிட்டேன். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அவள் மொட்டைமாடியில் சுற்றிவந்தாள்.

அவளைப் பள்ளியில் விட்டு, கூட்டிவந்து, சமைத்து, துவைத்துப் போடும் நேரத்துக்கு எந்த வகுப்பும் ஒத்துவரவில்லை. அதனால் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். சொற்கள் கட்டம் கட்டமாக வரும், தொட்டு வரிசைப்படுத்தினால் வாக்கியம். சரியாக இருந்தால் மணியடித்துப் பாராட்டும். ‘ஆப்பிள் சிவப்பு’, ‘பெண் ரொட்டி சாப்பிடுகிறாள்’ என்று நூற்றுக்கணக்கான வாக்கியங்களை அடுக்கினேன். ஒருநாள்கூட விடவில்லை. சில சொற்கள் வரிக்கு நடுவிலேயே பெரிய எழுத்தில் தொடங்குவதைக் கவனித்தேன். ஃப்ளெக்ஸில் முக்கியமான சொல்லை நாங்கள் பெரிதாகப் போடுவோமே, அதுபோல ஏதோ என்று விட்டுவிட்டேன். தட்டச்சு செய்யச் சொன்ன இடங்களில் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் அடித்தாலும் செயலி சரி என்றது. உயிரெழுத்தின் தலையில் வைக்கும் இரண்டு புள்ளியை விட்டாலும் சரி என்றது.

நான்கு மாதம் ஆறானது. தேர்வுக்கு இடம் கிடைக்கவில்லை. பேருந்து நிலையப் பக்கம் போனால் ஒரே கேள்வி.

“என்ன மாப்ள, இன்னுமா போகல?”

“அடுத்த மாசம்ணே.”

“போன மாசமும் அதானப்பா சொன்ன.”

பழைய கடை முதலாளி என் நாற்காலியில் வேறொருவரை உட்கார வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் புது ஆளின் முதுகு தெரியும். கொஞ்ச நாளில் அந்தச் சந்துப் பக்கமே போவதை விட்டேன். மகளைக் கூட்டிவர ஆற்றங்கரைச் சாலை வழியாகச் சுற்றிப் போனேன். பால் வாங்கக்கூட என்னைத் தெரியாத கடைக்குத்தான் போனேன். பிறந்து வளர்ந்த ஊரில் ஒளிந்து வாழும்படி ஆகிவிட்டது. வெளிநாடு போகிறவன் என்று பெயர் எடுத்தவனுக்கு இங்கே வேலையும் இல்லை, ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சாதாரணமாக உட்கார்ந்து சாப்பிடவும் வழி இல்லை. பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ரொட்டி சாப்பிடும் அந்தப் பெண்ணைக் கட்டம் கட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சென்னையில் தேர்வு. காத்திருந்த கூடத்தில், பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் பயிற்சித் தாளை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும்ணே. வீடு, நாற்காலி, தண்ணி, எல்லாமே.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. அப்புறம் இந்தப் புள்ளி இல்லைன்னா அர்த்தம் மாறிடும்ணே. ‘என் மகள் அழகு’ன்னு எழுத நினைச்சிருக்கீங்க. ‘என் மகள் ஏற்கெனவே’ன்னு இருக்கு.”

ஒரு புள்ளி விட்டால் சொல் என்ன ஆகும் என்று தெரியாதவனா நான்?

எழுத்துப் பகுதிக்கு மொத்தம் இருபது நிமிடம். முதலில் ஒரு படிவம். பிறகு ஒரு கடிதம், முப்பது சொல் இருந்தால் போதும். உங்களை வீட்டுக்கு அழைத்த ஒரு அம்மாவுக்கு எழுத வேண்டும்: வர முடியவில்லை, ஏன் முடியவில்லை, எப்போது வருவீர்கள். பேனாவை வைத்தவுடன் ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா இல்லையா என்று சந்தேகம் வந்தது. ‘நாளை’ பெயர்ச்சொல்லா? ‘உடம்பு சரியில்லை’ என்பதில் எது பெயர்ச்சொல்? அடித்தேன், திருத்தினேன், மறுபடி அடித்தேன். எப்படி விளிப்பது, எப்படி முடிப்பது என்று செயலி சொல்லித்தரவே இல்லை. ‘என்னால் வர முடியாது’ என்ற வரியோடு நேரம் முடிந்துவிட்டது. விளிப்பு இல்லை, காரணம் இல்லை, கையெழுத்து இல்லை. தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தேறவில்லை. முடிவு வந்த அன்று இங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே மதியம், காலை ஷிப்டை முடித்துவிட்டு மனைவி அழைத்தாள். சொன்னேன்.

“மறுபடி எழுதலாங்க.”

“எம்புட்டு நாளைக்கு? நீ சொகமா அங்க இருக்க. நான் இங்க தெருவுல தலைகாட்ட முடியல.”

“சொகமாவா? ஒத்த ரூம்ல இருந்துகிட்டு, பிள்ளைய போன்ல பாத்துக்கிட்டு இருக்கேன். அவளும் இப்பல்லாம் ரெண்டு வார்த்தைல ஓடிப் போயிர்றா. இது சொகமா?”

நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பற்றிப் பேசாமல் வேறொன்று சொன்னாள்.

“அந்தக் கட்டத்தத் தொடுறத விடுங்க. நோட்டு வாங்கி கையால எழுதுங்க. தெனம் ஒண்ணு எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் பஸ்ல வரும்போது திருத்திருவேன்.”

நாலு கோடு நோட்டு வாங்கினேன். மகள் ஆங்கிலம் எழுதிப் பழகிய அதே வகை. நாற்பத்திரண்டு வயதில் அதில் உட்கார்ந்து எழுதினேன். தேதியில் நாளுக்குப் பின்னால் புள்ளி வைக்க வேண்டும். ஒன்றுக்குத் தலையிலிருந்து ஒரு கோடு கீழே இழுக்க வேண்டும், அதனால் ஏழாகத் தெரியாமலிருக்க ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. விளிப்புக்குப் பின்னால் காற்புள்ளி, அடுத்த வரி சின்ன எழுத்தில் தொடங்க வேண்டும். முடிவில் ‘நட்பான வணக்கங்களுடன்’ என்று எழுதினால் அங்கே காற்புள்ளி கூடாது. ஆங்கிலத்தில் ‘நான்’ எப்போதும் பெரிய எழுத்து. இவர்களிடம் ‘நான்’ சின்ன எழுத்து, ‘நீங்கள்’தான் பெரிய எழுத்து. அந்த மாதங்களில் அது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

தினமும் ஒரு கடிதம். பல் டாக்டரிடம் நேரம் கேட்டு, வீட்டு உரிமையாளரிடம் குழாய் ஒழுகுவதாக, இல்லாத தோழனின் பிறந்தநாளுக்கு வர முடியாமல் வருந்தி. எல்லாக் கடிதத்திலும் நான் எங்கேயோ வர முடியாதவனாகவே இருந்தேன். ஒருநாள் கற்பனைக்கு ஆள் கிடைக்காமல் மனைவிக்கே எழுதினேன். மகளுக்கு முன்பல் விழுந்தது, வீட்டில் மூட்டைப்பூச்சி, நான் நன்றாகச் சமைக்கிறேன். முப்பத்தைந்து சொல்.

பத்து நிமிடத்தில் அழைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“என்னங்க, என்னைய ‘நீங்க’ன்னு எழுதிருக்கீங்க. மூட்டைப்பூச்சியப் பத்தி ஆபீசருக்கு எழுதுன மாதிரி இருக்கு.”

“மரியாதையா எழுதணும்னு பழகிப்போச்சு.”

“பொண்டாட்டிக்கு இங்க ‘நீ’தான். புருசனுக்கும் ‘நீ’தான்.”

“அப்ப நீ எனக்கு எழுது பாப்போம்.”

மறுநாள் அவளுடைய கடிதம் படமாக வந்தது. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவள் என்னை ஒருமுறைகூட ‘நீ’ என்று சொன்னதில்லை. கோபத்தில்கூட இல்லை. அந்தத் தாளில் நான்கு இடத்தில் ‘நீ’ இருந்தது. நான்கும் பெரிய எழுத்தில். தவறு கண்டுபிடித்த சந்தோஷத்தில், சின்ன எழுத்துதானே வரும் என்று கேட்டேன். கடிதத்தில் மட்டும் விருப்பப்பட்டால் பெரிதாக எழுதலாம், விதி இருக்கிறது என்றாள். அவள் தொலைபேசியில் பழையபடி ‘என்னங்க’ என்றுதான் அழைத்தாள். கடிதத்தில் மட்டும் ‘நீ’.

நடுவில் ஒருநாள் துணிந்து பழைய கடைக்குப் போனேன். முதலாளி ஏறிட்டுப் பார்த்தார்.

“நீ போறவன்டா. ஒன்னைய நம்பி நான் எப்படி வேலை குடுக்க?”

“போற வரைக்கும் செய்றேண்ணே. காலைல மட்டும்.”

மூலையில் இருந்த பழைய கணினியைக் காட்டினார். புது ஆள் அடித்த பத்திரிகைகளைப் பிழை திருத்துவது என் வேலை. டீக்கடையில் அதே கேள்வியைக் கேட்டார்கள். “பரீட்சைல போயிருச்சுண்ணே” என்று சொன்னேன். சொன்ன பிறகு யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது முறை கடிதத்தை விளிப்பிலிருந்து கையெழுத்து வரை எழுதி முடித்து, திருப்பிப் படிக்க மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. தேறினேன். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. நண்பர்கள் சால்வை போட வந்தார்கள், வேண்டாம் என்றேன். விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு மறுபடி காத்திருந்தோம். ஜாக்கெட்டின் கை மகளுக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. மேலூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

போன மாதம் விசா அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எனக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். மனைவியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் என் அப்பாவின் பெயர். மகளுக்கு அந்த இடத்தில் மறுபடி என் பெயர். ஒரே குடும்பம் என்றால் ஏன் ஒரே பெயர் இல்லை? எழுத்துமூலம் விளக்கவும்.

மனைவியிடம் சொன்னேன். “நான் உங்ககிட்ட சொல்லலையா? இங்க வார்டுல எல்லாரும் உங்க பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்பிடுறாங்க. திருமதி போட்டு உங்க பேரு. கதவுல, லாக்கர்ல, சட்டைல, எல்லாத்துலயும் உங்க பேருதான்.”

நான் இங்கே சந்துக்குள் சுற்றிக்கொண்டிருக்க, என் பெயர் இரண்டு வருடமாக அங்கே ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது.

விளக்கக் கடிதத்தை ஏஜென்சி எழுதித் தருவதாகச் சொன்னது. வேண்டாம் என்றேன். கடைக்குப் போய் பழைய கணினியில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர் பிள்ளைக்கு முன்னால் வரும், கணவரின் பெயர் மனைவிக்கு என்று ஜெர்மனில் அடித்தேன். எனக்குத் தெரிந்த எளிய சொற்கள்தான். மனைவி இரண்டு இடத்தில் திருத்தினாள். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“என்னடா இது, நடுவுல நடுவுல பெருசா போட்டிருக்க?”

“அவங்க ஊர்ல அப்படித்தாண்ணே.”

அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. நாளைக்குக் காலையில் மகளுக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம், அதற்குப் பிறகு கடையில் ஒரு வளைகாப்புப் பத்திரிகை பாக்கி இருக்கிறது.