பீட்டா போட்ட போனும் மண்சரிவு எச்சரிக்கையும்

இன்று காலை எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லார் போனுக்கும் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. இரவு முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன் விடிவதற்குள் செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு செல்வி அக்காதான் கதவைத் தட்டினார். "மண்ணு சரியப் போகுதாம், எல்லாரும் ஸ்கூல்ல தங்கப் போயாச்சு. புள்ளைய தூக்கிட்டு வா."

மகளைத் தூக்கிக்கொண்டு வழுக்கும் படியில் இறங்கினேன்.

நல்லவேளை, மலை சரியவில்லை. மழை விட்டதும் அப்புத்தளை டவுனுக்குப் போனேன். போன வாரம் திரை மாற்றக் கொடுத்த போனில், கேட்காமலே பீட்டா என்ற, இன்னும் சோதனையில் இருக்கும் பதிப்பைப் போட்டவர் அங்குள்ள போன் கடைக்காரர்.

"பீட்டான்னா சூடாகும், சார்ஜ் நிக்காதுங்க. கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்புங்க, அடுத்த அப்டேட்ல சரி பண்ணுவாங்க."

"நான் கேட்டேனாங்க?"

"மத்தவங்களுக்கு முந்தியே உங்களுக்குப் புதுசு கெடச்சிருக்கே."

"பழசையே போட்டுக் குடுங்க."

"போட்டா படமெல்லாம் அழிஞ்சிரும்."

எச்சரிக்கை வந்தால் போதுமென்று சம்மதித்தேன். எல்லாம் அழிந்தது. மகள் முதன்முதலாக நடந்த வீடியோவும் போனது. அவர் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்களே, சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இந்தக் கடைக்காரரின் போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் கேட்காமல் கை வைத்த புண்ணியவான் யார்? கீழே சொல்லிவிட்டுப் போங்கள்.