ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு சோடிச் செருப்பு

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஃபிரிட்ஜைத் திறப்பதற்கென்றே ஒரு சோடி இரப்பர் செருப்பு கிடந்தது. வெறுங்காலோடு கதவைத் தொட்டால் கரண்ட் அடிக்கும். சுள்ளென்று முழங்கை வரை ஏறும். எனக்கு எரிச்சல் தலைக்கேறும். என் மனைவிக்கோ அது பழகிப்போன விஷயம்.

“செருப்பப் போட்டுக்கிட்டுத் தொறங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்பாள், தப்பு என்னுடையது போல. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக்கூட, “தண்ணி வேணுமா? அந்தச் செருப்ப மாட்டிட்டு எடுத்துக்கங்க” என்று உபசாரம் நடக்கும். அவர்களும் ஏன் என்று கேட்பதில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு சோடி இருந்திருக்கும் போல.

நான் ஒருவன்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜை விற்றவனைத் திட்டினேன். வயரிங் செய்தவனைத் திட்டினேன். ஈரக்கையோடு தொடுகிறாள் என்று மனைவியைத் திட்டினேன். அடைமழை பெய்தால் மழையையும் விடவில்லை.

அப்போது மகளுக்குப் பத்து மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை, குளித்த ஈரம் காயாமல் ஃபிரிட்ஜை நோக்கித் தவழ்ந்து போனாள். கைக்கும் கதவுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மனைவி பாய்ந்து தூக்கினாள். பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவர ஓடினேன்.

வந்தவர் பக்கத்துத் தெரு முஸ்லிம் பெரியவர். “ஃபிரிட்ஜுக்குள்ள கரண்ட் லீக் ஈக்கிது, அது சின்ன வேல” என்றார். பிறகு எர்த் வயரைத் தேடி வீட்டின் பின்புறம் போனவர் அங்கிருந்தே எங்களைக் கூப்பிட்டார். சுவரிலிருந்து இறங்கிய பச்சை வயர், தண்ணீர் பைப்பில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

“இது பிளாஸ்டிக் பைப். இதுல கட்டினா கரண்ட் எப்பிடி மண்ணுக்குப் போற? இத யாரு கட்டின?”

மனைவி என்னைப் பார்த்தாள்.

துருப்பிடித்த இரும்பு பைப்பை எடுத்துவிட்டு இந்தப் பிளாஸ்டிக் பைப்பைப் போட்ட அன்று, வேலைக்கு வந்தவர் அந்த வயரைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். “இருந்த மாதிரியே நல்லா இறுக்கிக் கட்டுங்க” என்று பக்கத்தில் நின்று கட்ட வைத்தவன் நான்தான். கரண்ட் அடிக்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வாரம்.

பெரியவர் மண்ணில் நீளமான செப்புக் கம்பி ஒன்றை அடித்து இறக்கி, வயரை அதில் பூட்டினார். ஃபிரிட்ஜையும் சரிசெய்துவிட்டுப் போனார். மனைவி செருப்பை எடுத்து வெளியே போட்டுவிட்டு மகளைக் கீழே இறக்கிவிட்டாள். குழந்தை நேரே தவழ்ந்து போய் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்து எழுந்து நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.