செவலையை விட்டுவிட்டுக் கப்பலேறிய நாள்

எங்கள் கல்யாண நாளுக்கு மகன் சுற்றுலாக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். தேதி மாற்ற முடியாதாம். என் செவலை மாட்டுக்கும் தேதி மாற்ற முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சினையைச் சோதித்த மாட்டு டாக்டர், "இன்னும் ஒரு வாரம் தாங்குமுங்க, நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றார். துடியலூரிலிருந்து என் தங்கையை வரவழைத்து, கோபிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நானும் கணவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம்.

செவலை என்னைத் தவிர யாரையும் அண்டவிடாது. கணவரே அதனிடம் உதை வாங்கியவர்தான். அது ஈன்ற கன்றுகளை எல்லாம் என் கையால்தான் எடுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தங்கைக்கு மாட்டோடு பழக்கமெல்லாம் பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவதோடு சரி.

துறைமுகத்தில் எங்கள் பெட்டிகளில் சீட்டு ஒட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வரிசை, பாஸ்போர்ட், போட்டோ, மறுபடியும் வரிசை. ஒருவழியாக, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கப்பலுக்குள் கால் வைத்தபோது போன் அடித்தது. தங்கைதான்.

"அக்கா, மாடு படுக்குது, எந்திரிக்குது, நெலைகொள்ளவே மாட்டீங்குதுங்க. மடியெல்லாம் கல்லாட்டம் இருக்குது."

"டாக்டரக் கூப்புடு கண்ணு" என்றேன். கூப்பிட்டாகிவிட்டதாம். அவர் வேறொரு ஊரில் மாடு பார்த்துக்கொண்டிருக்கிறார், வர நேரமாகுமாம்.

"ஏனுங்க, நாம எறங்கிப் போயிரலாமுங்க" என்றேன் கணவரிடம்.

"இப்ப எறங்குனாலும் ஊடு போய்ச் சேர விடிஞ்சுபோகும் அம்மணி."

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்களுக்குக் கொடுத்த அறையில் ஜன்னலே இல்லை. கதவைச் சாத்தினால் போனில் சிக்னல் அறவே கிடையாது. மேல்தளத்துக்கு ஓடினேன். பாதி வழியில் மணி அடித்தது. ஆபத்து வந்தால் எங்கே வந்து நிற்பது என்று பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். எல்லாரையும் மடக்கி வரிசையில் நிறுத்தினார்கள். மிதக்கும் சட்டையை எப்படிக் கட்டுவது என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு காட்டினாள். போனை எடுத்த என்னை, அதே சிரித்த முகத்தோடு உள்ளே வைக்கச் சொன்னாள். அது என் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றேன்.

விட்டதும் மேலே ஏறினேன். கப்பல் அதற்குள் கரையை விட்டு நகர்ந்திருந்தது. தளமெல்லாம் பாட்டும் ஆட்டமும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு தங்கையை அழைத்தேன்.

"அக்கா! ஒத்தக் காலுதானுங்க வெளிய தெரியுது. இழுத்துப்போடட்டுங்களா?"

"இழுக்காத! இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்குது. மொதல்ல கன்னுக்குட்டிய உள்ள தள்ளு. அப்பறம்…"

அத்தோடு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன். கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன, போனுக்குத்தான் எட்டவில்லை.

கணவர் ஓடிப்போய்க் கப்பலின் வைஃபையை வாங்கிக் கொடுத்தார். அதில் பேச முடியவில்லை, செய்திதான் அனுப்பலாம். அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மாடு கட்டும் எங்கள் கட்டுத்தரையில் நெட் எடுக்காது, வீட்டுக்குள் வந்தால்தான் எடுக்கும். மாட்டை விட்டு அவள் எப்படி வீட்டுக்குள் வருவாள்?

அறைக்குத் திரும்பினோம். கட்டில்மேல் வெள்ளைத் துண்டை மடித்து ஒரு நாய்க்குட்டி செய்து வைத்திருந்தார்கள். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நடுவில் தலை வைத்துப் படுத்திருந்தது. கன்று சரியாக வந்தால் இப்படித்தான் வரும்.

"ஏனுங்க, வீடியோ எடுங்க."

கட்டிலில் மண்டிபோட்டு, துண்டின் ஒரு காலை உள்ளே மடக்கினேன். கன்றைத் தள்ளு, குளம்பைக் கைக்குள் பொத்து, இல்லையென்றால் கர்ப்பப்பை கிழிந்துவிடும், மெதுவாக நேராக்கு என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். துண்டின் கால் சொன்னபடி வந்தது. கணவர் சிரிக்காமல் எடுத்தார். அந்த வீடியோவும் ஒற்றை டிக்கோடு நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு கையாலாகாதவளாக நான் இருந்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் பெயர் தெரியாத எதையோ வைத்துவிட்டுப் போனார்கள். தொடவில்லை. போனை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக இரண்டு டிக்கும் நீலமாகின. ஒரு படம் வந்தது. கன்று, ஈரம் காயாமல், நாலு காலையும் அகட்டி நின்றிருந்தது. செவலை அதை நக்கிக்கொண்டிருந்தது. கீழே தங்கை எழுதியிருந்தாள்:

"டாக்டர் இன்னும் வர்லீங்க. நானே உள்ள தள்ளி, கையில தட்டுப்பட்ட கால நேராக்கி எடுத்துப்போட்டேனுங்க. உங்க வீடியோவ இப்பத்தான் பாக்கறேன். செவலை ஒரு ஒதைகூட ஒதைக்கலீங்கக்கா."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று அவரிடம் சொன்னேன்.

ஒரு உதைகூட உதைக்கவில்லையாம்.