குழலுக்கு விட்ட இடம்

என் வேலையில் இடுக்கு இருக்காது. மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் பட்டறை வைத்திருந்த நாளில் இதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஈட்டி மரத்தில் பெட்டியும் மேசையும் செய்து, அதில் வெள்ளைப் பூவும் யானையும் பதிப்பது என் தொழில். இரண்டு மரம் சேரும் இடத்தில் ஒரு மயிர் நுழைந்தால்கூடப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். ஆசாரி செய்த பெட்டியைத் திறக்க ஆசாரியேதான் வரவேண்டும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், அவ்வளவு தலைக்கனம். அந்தத் தலைக்கனம் ஒரு மனிதரின் தொடையைக் கிழித்தது. அவரும் அவர் மனைவியும் அதற்குப் பிறகு என்னிடம் நடந்துகொண்ட விதத்தை எழுதி வைக்காமல் போனால் நான் மனுஷனே இல்லை.

அவர் கௌதள்ளிக்காரர். அந்தப் பக்கம் அப்போது நம் சமஸ்தானத்தைச் சேர்ந்ததில்லை, கோயம்புத்தூர் ஜில்லா. காட்டை ஒட்டிய நிலத்தில் கடலை போடுகிறவர். முன்பு மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் காவலுக்கு இருந்திருக்கிறார். தோட்டத்து துரை சீமைக்குத் திரும்பும்போது தன் துப்பாக்கியை முறைப்படி இவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். என் பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் நீட்டியது லைசென்ஸ் காகிதத்தைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் துணியைப் பிரிக்க விட்டேன்.

சாதாரணத் துப்பாக்கி இல்லை அது. ஒவ்வொரு வெடிக்கும் பூட்டை இழுத்துத் தோட்டாவைத் தள்ள வேண்டியதில்லை. ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை விட்டு விட்டு அழுத்தினால் போதும், வரிசையாக ஐந்து வெடிக்கும்.

"கட்ட ஆடுதுங்க ஆசாரியாரே," என்றார். "குறி ஒரு சாண் அங்கயும் இங்கயும் போவுது. துப்பாக்கிக் கடைல காட்டினேன், இரும்புல கோளாறில்ல, மரவேலதான்னு அனுப்பிட்டாங்க. பன்னி கூட்டமா வருதுங்க. ஒன்னு உளுந்தா இன்னொன்னு மேல பாயுது. அஞ்சும் ஒரே எடத்துல போவோணும்."

தோளில் பதியும் பின்கட்டையில் திருகாணி தளர்ந்து மரம் கீறியிருந்தது. அதைச் சரியாகவே செய்தேன், இன்றைக்கும் அதில் குறை சொல்ல முடியாது. கெட்டது முன்கட்டையில். இடது கையால் தாங்கிப் பிடிப்போமே, குழலுக்கு அடியில் இருக்கும் அந்தக் கட்டை. அதுவும் விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றும்போது பார்த்தால், குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நெடுக ஒரு இடைவெளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெள்ளைக்காரனுக்கு வேல தெரியல கவுண்டரே. பாருங்க, நடுவுல பல்லி ஓடலாம்," என்றேன்.

புதிதாக ஈட்டியில் ஒரு முன்கட்டை செய்தேன். குழலில் காவி தடவி, கட்டையில் வைத்து எடுத்து, காவி ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவி, மறுபடி வைத்து, மறுபடி சீவி, இரண்டு நாள் அதே வேலை. கடைசியில் குழல் படும் பள்ளம் முழுக்க ஒரே சீராகக் காவி பிடித்தது. அப்படிப் பிடித்தால் மரமும் இரும்பும் எங்கும் விலகாமல் ஒட்டுகிறது என்று அர்த்தம். அவர் கேட்காமலே கட்டையின் நுனியில் ஒரு வெள்ளைப் பூவும் பதித்துக் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷமாகப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் திரும்ப வந்தார். கையில் ஊன்றுகோல். கூடவே அவர் மனைவி, தோளில் அந்தத் துப்பாக்கி மூட்டை.

"கால்ல என்ன கவுண்டரே?" என்று கேட்டேன்.

உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார். வரப்போரம் கல் அடுக்கி மறைவு கட்டி அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். முதல் வெடியில் ஒரு பன்றி விழுந்தது. பெரியது ஒன்று இவரை நோக்கித் திரும்பியது. அடுத்தடுத்து மூன்று வெடி வைத்தார். மூன்றும் இடப்பக்கம் விலகிப் போயின. பன்றி தொடையைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. எலும்பு வரைக்கும் காயம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஐயோ என்று எழுந்திருக்க வேண்டும். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "எம்மேல பழி போடாதீங்க. கொழல் கோணலா இருக்கும். தோட்டா பழசா இருக்கும். பயத்துல கை நடுங்கியிருக்கும். என் வேலைல ஒரு மயிர் நுழையாது, தெரியுமா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் கத்தி முடிக்கும்வரை கவுண்டர் காத்திருந்தார். "சண்டைக்கு வரலீங்க. மொதக் குண்டு நேராப் போவுது. அதுக்கப்பறம் ஏன் போவலேன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இன்னும் பத்து நாள்ல கடலக்கா புடுங்கோணும். வருசத்துக்கும் சோறு அதானுங்க. இனி என்னால அங்க உக்கார முடியாது, ஓடிப் பொழைக்கக் காலு இல்ல. இவதான் உக்காரப் போறா," என்றார். லைசென்ஸில் மனைவியின் பெயரையும் காவலுக்குச் சேர்த்து எழுதி வாங்கி வந்திருந்தார்.

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். முப்பது வயதுதான் இருக்கும். துப்பாக்கி மூட்டையை வாங்கிப் பிரித்தேன்.

அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மாள் கேட்டார். "வெடிச்சு முடிச்சா கொழல் சுடுதுங்க. ஏனுங்க அது?"

"உள்ள நெருப்பு போகுது. இரும்புன்னா சுடத்தானே செய்யும்."

"சுட்டா பெருக்குமில்லீங்க?"

என் கண் குழலின் மேல் போனது.

"வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறப்ப காய்ச்சித்தானுங்க போடறாங்க. காய்ச்சினா பெருசாயிச் சக்கரத்துல எறங்குது, ஆறினா இறுக்கிப் புடிக்குது. இந்தக் கொழலு பெருத்தா எங்கீங்க போவும்? நீங்கதான் அதுக்கு எடமே உடலியே."

வண்டிப்பட்டா காய்ச்சுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். மேசையும் பெட்டியும் செய்து செய்து, சூடேறும் பொருள் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. முதல் வெடிக்குக் குழல் குளிர்ந்திருக்கும், நேராகப் போகும். அடுத்தடுத்து வெடித்தால் குழல் சூடேறிப் பெருக்கும். என் கட்டை இடம் விடாது. குழல் ஒரு பக்கமாக நெளியும், குண்டும் அந்தப் பக்கமே போகும். மற்றத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் நடுவே சற்றாவது ஆறும். இதில் ஆற நேரமே இல்லை. துரையின் துப்பாக்கியில் இருந்த இடைவெளி வேலை தெரிந்தவன் வேண்டுமென்றே விட்ட இடம். பல்லி ஓடும் என்று நான் சிரித்தது அதைப் பார்த்துத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"தப்பு என்னுது," என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதற்கு முன் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"செரி, ஆவட்டும். இப்ப என்ன பண்ணலாமுங்க?" என்றார் கவுண்டர். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

மறுபடி காவியை எடுத்தேன். இந்த முறை வேலை தலைகீழ். காவி எங்கும் ஒட்டாமல் போகும் வரைக்கும் சீவ வேண்டும். முன்கட்டையைத் தாங்குகிற பின்முனையை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்ற நீளம் முழுக்கச் சுரண்டினேன். ஒரு தபால் கார்டைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் வரவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். நுனியில் மட்டும் கை வரவில்லை. அங்கே என் வெள்ளைப் பூ இருந்தது. அந்த இடத்தைச் சீவினால் மரம் மெலிந்து பூ உதிரும். ஒரு விரல் அகலம் தொட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதை அவர்களிடம் சொல்லவும் இல்லை.

ஆனால் சும்மா அனுப்ப மனசு கேட்கவில்லை. உளிப்பையை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். கொள்ளேகாலம் வரை பஸ், அதற்கப்புறம் மாட்டு வண்டி.

மறுநாள் பகலில் அவர் நிலத்துக்குப் பின்னால் ஒரு உயரமான மண்மேட்டில் பலகை சாய்த்து, கரியால் வட்டம் போட்டோம். அந்த அம்மாள் கல்மேல் கையை ஊன்றிக்கொண்டு ஐந்து வெடியும் விடாமல் வைத்தார். நான்கு ஓட்டை உள்ளங்கை அளவுக்குள் இருந்தன. ஐந்தாவது ஒரு சாண் தள்ளி.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "அந்தப் பூ இருக்கற எடமுங்களா?"

அவர் கவனித்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டையைக் கழற்றி, நுனியை மடியில் வைத்து, உள்பக்கமிருந்து சீவினேன். பூ மூன்று துண்டாக உதிர்ந்தது. குழல் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி ஐந்து வெடி. கவுண்டர் நொண்டிக்கொண்டே பலகை வரைக்கும் போய், தன் உள்ளங்கையை வைத்தார். ஐந்து ஓட்டையும் கைக்கு அடியில் மறைந்தன.

அடுத்த நாள் விடியும் நேரத்தில் அந்த அம்மாள் கல்மறைவுக்குப் போனபோது நானும் கூடவே போனேன். நான் செய்த கட்டையை நம்பி ஒரு பெண் அங்கே உட்காரும்போது, வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியுமா? வீரம் ஒன்றும் இல்லை, அவருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டுதான் போனேன். "பேசாதீங்க, அசையாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

வெளிச்சம் பரவும்போது பன்றிகள் வந்தன. ஏழெட்டு இருக்கும். முதல் வெடியில் ஒன்று விழுந்தது. கூட்டம் சிதறியது. ஆனால் பெரியது ஓடவில்லை, எங்கள் பக்கம் திரும்பியது. இரண்டாவது வெடி பட்டும் நிற்கவில்லை. அவர் அவசரப்படாமல் மூன்றாவது, நான்காவது வைத்தார். அது மறைவுக்குப் பத்தடி தூரத்தில் முன்னங்கால் மடங்கி விழுந்தது, அப்புறம் எழவில்லை.

களத்துமேட்டிலிருந்து வெடியை எண்ணிக்கொண்டிருந்த கவுண்டர், நான்கோடு சத்தம் நின்றதும் ஊன்றுகோலை விட்டுவிட்டுக் காலை இழுத்துக்கொண்டே ஓடி வந்தார். பன்றியைப் பார்க்கவில்லை. மனைவியின் கால்களைத்தான் பார்த்தார்.

"எனக்கு ஒன்னுமில்லீங்க," என்றார் அந்த அம்மாள்.

கவுண்டர் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஊர் கூடிவிட்டது. ஒரு பெரியவர் துப்பாக்கிக் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நீங்கதானா அந்த மைசூர் ஆசாரி? உங்க வேலையப் பத்தி இவன் சொல்லாத ஆளு இல்லீங்க. போன தடவதான் பாவம், சேத்துல காலு வழுக்கி உளுந்துட்டான். துப்பாக்கி மேல தப்பே இல்ல, எங்காலு மேலதான் தப்புன்னு ஊரெல்லாம் சொன்னானுங்க."

காயத்தோடு படுத்திருந்தபோது, என் பட்டறைக்கு வருவதற்கு முன்பே, கவுண்டர் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் தெருவே பார்க்கக் கத்தியது அதற்குப் பிறகு. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆசாரியாருக்குப் பசிக்கும்," என்று குறுக்கிட்டார் அவர். "எல போடு அம்மணி."

என் பெயரை ஒரு ஊர் முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்த அந்த மனிதருக்குப் பக்கத்தில், அந்த அம்மாள் போட்ட இலைக்கு முன்னால், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.