அழாத பள்ளிக்கூடத்து ஆயா

மூன்றரை வயதுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வழக்கம் அந்த நாளில் திருத்தணியில் கிடையாது. எழுபத்து நாலாம் வருஷம் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் மணவாளன். அரக்கோணத்தில் ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி அரிசியில் கல் பொறுக்கச் சொல்கிறாள் என்று மாட்டுக்கொட்டகையை மாற்றிக் கட்டி, வெள்ளையடித்து, 'மணவாளன் நர்சரி இங்கிலீஷ் ஸ்கூல்' என்று போர்டு மாட்டிவிட்டார். மாடுகள் இருந்தபோது அங்கே கொஞ்சம் சத்தமாவது இருந்தது.

குழந்தைகள் உட்கார ஒரு விசில், எழுந்திருக்க ஒரு விசில். ஒன்றுக்குப் போகவும் விசில்தான். விசிலுக்கு முன்னாலேயே போய்விட்டவர்கள் பாடு அதோகதி. போதாக்குறைக்கு, ரயிலடிக் கடையில் வாங்கிய குழந்தை மனோதத்துவப் புத்தகம் ஒன்றில் முதல் பத்துப் பக்கம் படித்திருந்தார். அதனால் ஊரில் குழந்தை மனசு தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை.

அங்கே ஆயாவாக வந்து சேர்ந்தவள்தான் கன்னியம்மாள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்று பிள்ளைகளை வரப்போரத்து வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டே வளர்த்து ஆளாக்கிவிட்டாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் முதுகு வளைய மறுத்தபோது, நிழலில் ஒரு வேலை கிடைக்காதா என்று தேடி வந்தாள்.

"குழந்தை அழுதா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார் மணவாளன்.

"தூக்கி இடுப்புல வச்சிக்குவேன் சார்."

"அதான் கூடாது! தூக்கினா பழகிடும். அழுகைங்கறது கெட்ட பழக்கம்மா. முளையிலேயே கிள்ளிடணும்."

மூன்று பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பிள்ளை கூடப் பெறாதவர் பாடம் எடுத்தார். கன்னியம்மாள் "ஆங் சார்" என்றாள். நிழல் வேலையாயிற்றே.

கிள்ளுகிற இடம் பின்பக்கத்து அறை. உடைந்த பெஞ்சும் சாக்பீஸ் பெட்டியும் கிடக்கிற இருட்டறை. அதற்கு அவர் வைத்த பெயர் 'சைலன்ஸ் ரூம்'. அழுகிற குழந்தையை உள்ளே விட்டுத் தாழ் போட வேண்டியது கன்னியம்மாள் வேலை. அழுகை நின்றால் திறக்கலாம்.

முதல் தடவை ஒரு குழந்தையை உள்ளே விட்டுத் தாழ் போட்டாள். போட்ட கையோடு கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கீழே இருந்த இடுக்கு வழியாக இரண்டு விரலை உள்ளே நீட்டினாள். உள்ளே இருந்த குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மணவாளன் கேட்டால், "காவலுக்கு உக்காந்துகினுகீறேன் சார்" என்பாள். அவரும் மெச்சிக்கொள்வார்.

அந்த ஆனியில் நெசவுக்காரத் தெருவிலிருந்து வரலட்சுமி தன் மகள் அம்முவைக் கொண்டுவந்து சேர்த்தாள். ஆறு வருஷம் காத்திருந்து பெற்ற ஒரே பெண். தாய் தறியில் உட்கார்ந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய குழந்தை, விட்டால் அழாமல் என்ன செய்யும்? ஒரு மாதம் விடாமல் அழுதது. ஒரு மாதமும் இருட்டறைதான். ஆடி பிறந்ததும் சட்டென்று அழுகை நின்றுவிட்டது. சிரிப்பும் சேர்ந்து நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. கன்னியம்மாள் மட்டும் கவனித்தாள்.

"ஆயா!" என்று ஒருநாள் வாசலில் பூரித்துப்போய் நின்றாள் வரலட்சுமி. "எம்பொண்ணு அழுகைய நிறுத்துனா முடி குடுக்கறேன்னு முருகனுக்கு வேண்டிகினேன். காது குடுத்துக் கேட்டுட்டான் பாரு! கிருத்திகைக்கு மலைக்குப் போறேன்."

அவள் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. கன்னியம்மாள் அதையே பார்த்தாள். நிறுத்தினது முருகன் இல்லை தாயி, நான் போட்ட தாழ்ப்பாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கே வேலை போகும். மறுபடி கரும்புக் காடு, மறுபடி வெயில். "நல்லா போய்ட்டு வாம்மா" என்றாள்.

கிருத்திகைக்கு மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வாசலில் வந்து நின்றாள் வரலட்சுமி. "அம்மு! அம்மா வந்துட்டேன் பாரு!"

குழந்தை பார்த்தது. குரல் அம்மாவுடையது, தலை யாருடையதோ. கீழ் உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. இதோ கத்தப்போகிறது என்று கன்னியம்மாள் நினைத்தாள்.

கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தது. நேராகப் பின்பக்கத்து அறைக்குள் போய்த் தானே கதவைச் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழ் இடுக்கு வழியாக இரண்டு பிஞ்சு விரல் வெளியே வந்து துழாவியது.

"பாத்தீங்களா!" மணவாளனுக்குத் தலைகால் புரியவில்லை. "யாரும் சொல்லல. தானாவே போயி உக்காந்துகிச்சு. இதான் டிசிப்ளின்!"

வரலட்சுமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "அது இன்னா ரூம் ஆயா?"

கன்னியம்மாள் மணவாளனைப் பார்க்கவில்லை. "அழுதா உள்ள விட்டுத் தாழ் போடற ரூம்மா. உன் பொண்ண ஒரு மாசம் போட்டாங்க. போட்டது நாந்தான். இந்தக் கையாலதான்."

வரலட்சுமி மெதுவாகத் தன் மொட்டைத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப நான் எதுக்கு ஆயா முடி குடுத்தேன்?"

கன்னியம்மாள் போய்க் கதவைத் திறந்தாள். கூடவே கூடாது என்று மணவாளன் சொல்லியிருந்த காரியத்தைச் செய்தாள்: குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாயிடம் கொண்டுவந்து அதன் உள்ளங்கையை எடுத்துச் சந்தனத் தலைமேல் வைத்தாள்.

"அம்மாதான் கண்ணு. முடி வளந்துடும். அழுவணும்னா அழு."

அம்மு முதலில் மணவாளனைத்தான் பார்த்தாள். அப்புறம் ஆயாவைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். ஒரு மாதத்து அழுகை. தாயும் சேர்ந்துகொண்டாள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற இருபது குழந்தைகளும் ஆரம்பித்துவிட்டன. மணவாளன் விசிலை எடுத்து ஊதி ஊதிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

"யாரும்மா இத நிறுத்தறது?" என்று அலறினார்.

கன்னியம்மாள் இன்னொரு குழந்தையைத் தூக்கி மறு இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"அதுவா நிக்கும் சார். இப்பதான ஆரம்பிச்சிருக்குது."